பல்கலைக் கழகத்தின் கணக்குப் பிள்ளைக்கு மாலை உண்டா?

பல்கலைக் கழகம் வரி கட்டுமா?

இப்படிக் கேட்டால் பலர் சிரிப்பார்கள். "பல்கலைக் கழகம் என்ன, ஜவுளிக் கடையா? பாடம் சொல்லிக் கொடுக்கும் இடம் ஆயிற்றே! அதற்கு ஏது வரி?" என்பார்கள்.

கட்டத்தான் செய்கிறது. பிரிட்டனில் ஒரு பெரிய பல்கலைக் கழகம் ஆண்டுதோறும் லட்சக் கணக்கான பவுன்களை வரியாகக் கொடுக்கிறது. (இங்கே பவுன் என்பது தங்கப் பவுன் அல்ல. அந்த நாட்டு நாணயம்.) எந்த வரியைக் கட்ட வேண்டும், எதைக் கட்ட வேண்டாம், தவறிக் கட்டியதை எப்படித் திரும்ப வாங்குவது என்று பார்ப்பதற்கு என்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பெரிய பல்கலைக் கழகத்தில் நாலைந்து பேர் இருக்கலாம். சிறிய இடத்தில் ஒரே ஒருவர்தான். பழைய காலத்துச் சொல்லில் சொன்னால், பல்கலைக் கழகத்தின் கணக்குப் பிள்ளை அவர்.

புதிய மருந்து கண்டுபிடித்த விஞ்ஞானிக்கு மாலை போடுகிறார்கள். பந்தயத்தில் ஓடி ஜெயித்த மாணவனுக்குக் கோப்பை கொடுக்கிறார்கள். பல லட்சம் பவுன் வீணாகாமல் காத்த கணக்குப் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறார்கள்?

அதைச் சொல்லும் முன்பு, அவர் செய்யும் வேலை என்ன என்று தெரிந்து கொள்ள வேண்டும்.

நெப்போலியன் காலத்து வரி

பிரிட்டனில் வருமான வரி பிறந்தது 1799-ம் ஆண்டில். பிரான்சு நாட்டோடு யுத்தம் நடந்த சமயம் அது. கையில் பணம் இல்லாமல் திண்டாடிய பிரதம மந்திரி வில்லியம் பிட் இந்த வரியைக் கொண்டு வந்தார். அப்போதே தர்ம ஸ்தாபனங்களுக்கு விலக்கு கொடுத்து விட்டார்கள்.

கல்வியும் தர்மமே என்பது அந்த நாட்டில் மிகப் பழைய கொள்கை. முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், 1601-ல் போட்ட சட்டத்திலேயே பள்ளிக்கூடமும், பல்கலைக் கழகத்தில் படிப்பவர்களும் தர்மக் கணக்கில் சேர்க்கப் பட்டார்கள். 1891-ல் பெம்சல் வழக்கு என்ற பெயர் பெற்ற வழக்கில், மெக்நாட்டன் பிரபு தர்மத்தை நாலு வகையாகப் பிரித்துத் தீர்ப்பு சொன்னார். அந்த நாலில் ஒன்று கல்வி வளர்ச்சி.

இடையில் ஒரு ஆபத்தும் வந்தது. 1863-ல் நிதி மந்திரியாக இருந்த கிளாட்ஸ்டன், "தர்ம ஸ்தாபனங்களுக்கு எதற்கு விலக்கு? அவையும் வரி கட்டட்டும்" என்றார். நாடே எதிர்த்தது. அவ்வளவு பெரிய பேச்சாளர்! அவரே பின்வாங்க வேண்டியது ஆயிற்று.

ஆகவே, பாடம் நடத்துவதில் வரும் வருமானத்துக்குப் பல்கலைக் கழகம் வரி கட்ட வேண்டியது இல்லை. இது வரை கதை சுபம்.

தச்சரின் மேஜை

1973-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி பிரிட்டனில் புதிய வரி ஒன்று வந்தது. மதிப்புக் கூட்டு வரி என்று அதற்குப் பெயர். நம் நாட்டு ஜி.எஸ்.டி.க்கு அண்ணன் முறை. 2011 ஜனவரி முதல் இது நூற்றுக்கு 20 பவுன் என்று ஆகி விட்டது.

இதைப் புரிந்து கொள்ள ஒரு தச்சரை நினைத்துக் கொள்ளுங்கள். அவர் 100 பவுனுக்கு மரம் வாங்குகிறார். வரி 20 பவுன் சேர்த்து 120 பவுன் கொடுக்கிறார். அந்த மரத்தில் மேஜை செய்து 300 பவுனுக்கு விற்கிறார். வாங்குகிறவரிடம் வரி 60 பவுன் சேர்த்து 360 பவுன் வாங்குகிறார். இந்த 60 பவுனை அப்படியே சர்க்காருக்குக் கட்ட வேண்டுமா? வேண்டாம். மரத்துக்குக் கொடுத்த 20 பவுனைக் கழித்துக் கொண்டு 40 பவுன் கட்டினால் போதும். அதாவது, வியாபாரியின் கைப் பணம் போவது இல்லை. கடைசியில் வாங்குகிறவர் தலையில்தான் வரி விழுகிறது.

அந்த மேஜையைப் பல்கலைக் கழகம் வாங்கி வகுப்பில் போடுகிறது என்று வைத்துக் கொள்வோம். 360 பவுன் கொடுத்தாயிற்று. மாணவனிடம் சம்பளம் வாங்கும் போது வரி சேர்த்து வாங்கக் கூடாது. கல்விக்கு விலக்கு! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், மாணவனிடம் வரி வாங்காத காரணத்தால், மேஜைக்குக் கொடுத்த 60 பவுனைக் கழித்துக் கொள்ளவும் முடியாது. தச்சருக்கு அவர் கொடுத்த வரி திரும்பி வந்தது. பல்கலைக் கழகத்துக்கு வரவில்லை.

விலக்கு என்ற பெயரில் வந்த சுமை இது! மேஜைக்கு, நாற்காலிக்கு, கம்ப்யூட்டருக்கு, கூரை ரிப்பேருக்கு, வக்கீல் பீசுக்கு என்று எல்லாவற்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? மாணவர் கட்டும் சம்பளத்தில் இருந்தும், ஜனங்கள் கொடுக்கும் மானியத்தில் இருந்தும்தான்.

பல்கலைக் கழகம் பாடம் மட்டும் நடத்துவது இல்லை. புத்தகம் விற்கிறது. விடுமுறையில் மண்டபத்தை வாடகைக்கு விடுகிறது. கம்பெனிகளுக்கு ஆராய்ச்சி செய்து கொடுக்கிறது. இவற்றில் சிலவற்றுக்கு வரி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. வரி உள்ள காரியத்துக்காக வாங்கிய பொருள் என்றால், அதற்குக் கொடுத்த வரியைக் கழிக்கலாம். ஒரே கட்டிடத்தில் காலையில் பாடம், மாலையில் வாடகைக் கூட்டம் என்றால்? மின்சார பில்லை எப்படிப் பங்கு போடுவது? இந்தப் பங்கு போடும் வேலையில்தான் கணக்குப் பிள்ளையின் தலைமயிர் நரைக்கிறது.

ஐஸ் பெட்டியில் இருபது சதவீதம்

மருத்துவ ஆராய்ச்சிக்கு வாங்கும் சில கருவிகளுக்கு பிரிட்டிஷ் சட்டத்தில் "சைபர் வரி" உண்டு. அதாவது வரி சேர்க்காமலே வாங்கலாம். ஆனால் சும்மா கொடுத்து விட மாட்டார்கள். இன்ன ஆராய்ச்சிக்கு இன்ன கருவி என்று பல்கலைக் கழகம் கையெழுத்துப் போட்டுச் சான்று கொடுக்க வேண்டும்.

பரிசோதனைச் சாலைக்கு என்றே செய்த ஐஸ் பெட்டி என்றால் வரி இல்லை. வீட்டில் பால் வைக்கும் சாதாரண ஐஸ் பெட்டியை வாங்கி, பரிசோதனைச் சாலையில் வைத்தால்? வரி உண்டு! பேராசிரியருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அவருக்குக் குளிர்ந்தால் சரி. ஒரு லட்சம் பவுன் விலை உள்ள கருவிக்கு ஆர்டர் போட்டு விட்டு அவர் போய் விடுவார். அந்த ஆர்டர் சீட்டு கணக்குப் பிள்ளையின் கண்ணில் பட்டால் 20 ஆயிரம் பவுன் மிச்சம். படாவிட்டால் நஷ்டம். அந்த 20 ஆயிரத்தில் இன்னொரு கருவி வாங்கி இருக்கலாம்.

புத்தகக் கதை இன்னும் வேடிக்கை. காகிதத்தில் அச்சிட்ட புத்தகத்துக்கு பிரிட்டனில் வரி சைபர். அதே புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் படிக்க வாங்கினால் 20 சதவீதம் கட்ட வேண்டும் என்று வைத்து இருந்தார்கள். அதே எழுத்தாளர், அதே எழுத்து, அதே பக்கம்! பல்கலைக் கழக நூலகங்கள் பல ஆண்டுகள் இந்த வரியைக் கட்டின. 2020-ம் ஆண்டு மே 1-ந் தேதிதான் மின்னணுப் புத்தகத்துக்கும் சைபர் வரி வந்தது.

மாணவர் சமைத்த சாப்பாடு

இங்கிலாந்தின் தென் பகுதியில் ஹாம்ப்ஷயர் ஜில்லா இருக்கிறது. அங்கே பிராக்கன்ஹர்ஸ்ட் கல்லூரி என்று ஒரு கல்லூரி. இது பல்கலைக் கழகம் அல்ல; தொழில் கற்றுக் கொடுக்கும் கல்லூரி. என்றாலும் இது நடத்திய வழக்கைப் பல்கலைக் கழகக் கணக்குப் பிள்ளைகள் கூர்ந்து கவனித்தார்கள்.

அந்தக் கல்லூரியில் சமையல் கலையும், பரிமாறும் கலையும் பாடம். சமைத்தால் சாப்பிட ஆள் வேண்டும் அல்லவா? அதனால் கல்லூரிக்குள்ளேயே ஒரு ஓட்டல் வைத்தார்கள். மாணவர்கள் சமைப்பார்கள், மாணவர்களே பரிமாறுவார்கள். வாத்தியார் பக்கத்தில் நின்று பார்ப்பார். வெளியூர் ஜனங்கள் வந்து சாப்பிடலாம். சாப்பாட்டுக்கு ஆகும் செலவில் சுமார் 80 சதவீதம் கொடுத்தால் போதும். அதே போல் நாடகம் படிக்கும் மாணவர்கள் நாடகம் போடுவார்கள். டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

"ஓட்டல் சாப்பாடு என்றால் வரி, நாடக டிக்கெட் என்றால் வரி" என்றது வரி இலாகா.

"இது வியாபாரம் அல்ல. பாடம். சாப்பிட வருகிறவர் இல்லாவிட்டால் பிள்ளைகள் எப்படிக் கற்றுக் கொள்வார்கள்?" என்றது கல்லூரி.

வழக்கு ஒவ்வொரு படியாக ஏறியது. அப்போது பிரிட்டன் ஐரோப்பிய யூனியனில் இருந்தது. ஆகவே லக்சம்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய கோர்ட்டு வரை போயிற்று. 2017-ம் ஆண்டு மே 4-ந் தேதி கோர்ட்டு வழி காட்டியது. படிப்புக்கு இன்றியமையாத காரியமாக இருந்து, கடைக்காரரோடு போட்டி போட்டுச் சம்பாதிப்பது நோக்கமாக இல்லாவிட்டால், வரி விலக்கு கொடுக்கலாம் என்றது. கல்லூரி ஜெயித்தது.

ஒரு தட்டுச் சோற்றுக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்கலாம். போனதால்தான், அதே மாதிரி பயிற்சி ஓட்டல் வைத்து இருந்த மற்றக் கல்லூரிகளுக்கும் விடை கிடைத்தது. கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பு யாரோ ஒருவர், "நாம் ஏன் இந்த வரியைக் கட்டுகிறோம்?" என்று கேட்டு இருக்க வேண்டும் அல்லவா?

ஒரே ஒரு சொல்லுக்காக நடந்த வழக்கும் உண்டு. சினிமாவும் ஒலிப் பதிவும் சொல்லிக் கொடுக்கும் எஸ்.ஏ.இ. என்ற ஸ்தாபனம், "நாங்கள் மிடில்செக்ஸ் பல்கலைக் கழகத்தின் கல்லூரி. ஆகவே விலக்கு வேண்டும்" என்றது. பல்கலைக் கழகத்தின் "கல்லூரி" என்றால் என்ன பொருள்? இதற்கு விடை சொல்ல லண்டன் சுப்ரீம் கோர்ட்டு வரை போக வேண்டி வந்தது. 2019 மார்ச்சு 20-ந் தேதி ஸ்தாபனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு ஆயிற்று.

முப்பத்தாறு ஆண்டுக் கணக்கு

இந்த ஆட்கள் எவ்வளவு பொறுமைசாலிகள் என்பதைக் காட்ட ஒரு சம்பவம் போதும்.

தவறிக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்க மூன்று ஆண்டுகள்தான் கெடு என்று 1990-களில் பிரிட்டிஷ் சர்க்கார் சட்டத்தைச் சுருக்கியது. சுருக்கும் போது, "பழைய பாக்கி உள்ளவர்கள் இந்தத் தேதிக்குள் வந்து கேளுங்கள்" என்று அவகாசம் கொடுக்கவில்லை. அது தவறு என்று 2008-ல் பிரபுக்கள் சபைத் தீர்ப்பு வந்தது. அந்த நாளில் அதுவே அங்கே மிக உயர்ந்த கோர்ட்டு. உடனே சர்க்கார் புதிய கெடு வைத்தது. 2009-ம் ஆண்டு மார்ச்சு 31-ந் தேதிக்குள் கேட்டால், வரி பிறந்த 1973-ம் ஆண்டு வரை பின்னால் போய்க் கேட்கலாம்!

பல்கலைக் கழகங்களில் ஓட்டம் பிடித்தது. முப்பத்தாறு ஆண்டுக்கு முந்திய பேரேடு எங்கே? அந்த ரசீதுகள் எங்கே? எழுதியவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். காகிதத்தைக் கிடங்கில் போட்டு இருப்பார்கள். தூக்கி எறிந்தும் இருப்பார்கள். கிடைத்த துண்டுக் காகிதங்களை வைத்துக் கொண்டு கணக்குக் கட்ட வேண்டும். நம் வீட்டில் போன தீபாவளிக்குத் துணி எடுத்த ரசீதைத் தேடிப் பாருங்கள். அப்போது தெரியும் கஷ்டம்!

கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் பெரிய வழக்கிலும் 1973 வரை போகும் கணக்கு இருந்தது. அந்தப் பல்கலைக் கழகத்துக்குப் பலர் நன்கொடை கொடுத்து இருக்கிறார்கள். அந்தப் பணத்தை முதலீடு செய்து வைத்து இருக்கிறார்கள். முதலீட்டை நிர்வாகம் செய்கிறவர்களுக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கு வரி உண்டு. "முதலீட்டில் வரும் வருமானம் எங்கள் எல்லாக் காரியத்துக்கும் உதவுகிறது. புத்தகம் விற்கிறோம், இடம் வாடகைக்கு விடுகிறோம், அதற்கும் உதவுகிறது. ஆகவே அந்த வரியில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள்.

கீழே இரண்டு படிகளில் வெற்றி. மேலே போனதும் 2019 ஜூலை 3-ந் தேதி ஐரோப்பிய கோர்ட்டு, "முடியாது" என்று சொல்லி விட்டது. அந்தக் கட்டணம் நீங்கள் விற்கும் பொருளின் விலையில் சேரவில்லை என்பது காரணம். கேம்பிரிட்ஜில் மூளைக்குப் பஞ்சம் இல்லை. அங்கேயும் தோல்வி உண்டு.

எல்லை எங்கே?

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வரியைக் குறைப்பது எல்லாமே கெட்டிக்காரத்தனம் ஆகி விடாது.

வட இங்கிலாந்தில் ஹடர்ஸ்பீல்டு என்ற ஊர் கம்பளி மில்களுக்குப் பெயர் போனது. அந்த ஊர்ப் பல்கலைக் கழகத்திடம் பாழடைந்த இரண்டு மில் கட்டிடங்கள் இருந்தன. அவற்றைப் புதுப்பித்து வகுப்புகள் வைக்கத் திட்டம் போட்டார்கள். புதுப்பிக்கும் செலவுக்கு வரி பலமாக வரும். திரும்பக் கிடைப்பதோ மிகச் சிறு பங்கு. என்ன செய்வது?

1995-ல் ஒரு யோசனை உதித்தது. பல்கலைக் கழகமே ஒரு டிரஸ்டை ஏற்படுத்தியது. ஒரு மில்லை அந்த டிரஸ்டுக்குக் குத்தகைக்கு விட்டது. அதே மில்லை டிரஸ்டு மறுபடியும் பல்கலைக் கழகத்துக்கே குத்தகைக்கு விட்டது. வாடகை வெறும் பெயரளவுக்குத்தான். வலது கையில் இருந்து இடது கைக்குக் கொடுத்து, இடது கையில் இருந்து வலது கைக்கு வாங்கியது போல! குத்தகைக்கு வரி போட்டு "வியாபாரம்" என்று காட்டினால், புதுப்பித்த செலவின் வரியைக் கழிக்கலாம் அல்லவா?

வரி இலாகா விடவில்லை. வழக்கு ஐரோப்பிய கோர்ட்டுக்குப் போனது. 2006 பிப்ரவரி 21-ந் தேதி அந்தக் கோர்ட்டு இந்த வழக்கிலும், இதே போன்ற ஹாலிபாக்ஸ் வழக்கிலும் ஒரே நாளில் தீர்ப்பு சொன்னது. வரிச் சலுகைக்காக மட்டுமே ஜோடித்த ஏற்பாடு, சட்டத்தின் நோக்கத்துக்கு மாறாக இருந்தால் செல்லாது என்ற கொள்கை அன்று உறுதி ஆயிற்று. பிறகும் இங்கிலாந்துக் கோர்ட்டுகளில் வழக்கு இழுத்தது. கடைசியாக 2016-ல் அப்பீல் கோர்ட்டிலும் பல்கலைக் கழகம் தோற்றது. இருபது ஆண்டுகள்! அன்று சேர்ந்த மாணவன் படித்து முடித்து, அவன் மகன் கல்லூரிக்கு வரும் காலம் ஆகி விட்டது.

பிராக்கன்ஹர்ஸ்ட் கல்லூரி கேட்டதும் வரி விலக்குத்தான். ஹடர்ஸ்பீல்டு கேட்டதும் வரிக் கழிவுதான். ஒரு இடத்தில் பிள்ளைகள் உண்மையாகச் சமைத்தார்கள். இன்னொரு இடத்தில் குத்தகைப் பத்திரம் மட்டும் இருந்தது. பரிசு கொடுக்க நினைப்பவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். "எவ்வளவு பணம் மிச்சப் படுத்தினார்?" என்று மட்டும் கேட்டால், 1995-ல் ஹடர்ஸ்பீல்டு ஏற்பாட்டுக்கே முதல் பரிசு கொடுக்க வேண்டி இருந்து இருக்கும்!

படிப்பாளிக்குப் பட்டம்

பல்கலைக் கழகத்தில் வரியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குக் கவுரவம் இல்லாமல் இல்லை.

ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் மிர்லீஸ். ஆக்ஸ்போர்டிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் பேராசிரியராக இருந்தவர். வருமான வரியை எப்படி விதித்தால் ஏழைக்கும் உதவியாக இருக்கும், உழைக்கிறவனுக்கும் ஊக்கம் கெடாது என்று கணித முறையில் ஆராய்ந்தவர். 1996-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு "சர்" பட்டமும் வந்தது. 2018-ல் காலமானார். அந்த நோபல் பரிசை அவரோடு பகிர்ந்தவர் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த வில்லியம் விக்ரி. வரி பற்றி அவரும் வாழ்நாள் முழுவதும் சிந்தித்தவர். பாவம், பரிசு அறிவித்த மூன்றாம் நாளே இறந்து விட்டார். பரிசை நேரில் வாங்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஆக்ஸ்போர்டில் வரிச் சட்டப் பேராசிரியையாக இருந்த ஜூடித் பிரீட்மேன் அம்மையாருக்கு, வரி ஆராய்ச்சிக்குச் செய்த சேவைக்காக 2013-ல் சி.பி.இ. விருது கிடைத்தது.

இவர்கள் எல்லாரும் வரியைப் பற்றி எழுதியவர்கள், சொல்லிக் கொடுத்தவர்கள். அதே பல்கலைக் கழகத்தின் மாடி அறையில் உட்கார்ந்து வரிப் பத்திரம் பூர்த்தி செய்கிறவர்?

அவர்களையும் அடியோடு மறந்து விடவில்லை. "டைம்ஸ் ஹையர் எஜுகேஷன்" பத்திரிகை பிரிட்டிஷ் பல்கலைக் கழக நிர்வாகிகளுக்குக் கொடுத்த விருதுகளில், சிறந்த நிதிக் குழுவுக்கு என்று ஒரு விருது வைத்து இருந்தது. டாலி நிறுவனத்தின் பெயரால் நடக்கும் வரித் துறை விருது விழாவில், ஒரு ஸ்தாபனத்துக்கு உள்ளேயே வரி வேலை பார்க்கும் குழுவுக்கும் பரிசு கொடுத்து இருக்கிறார்கள்.

ஆனால் இந்த வேலைக்குப் பரிசு கொடுப்பதில் ஒரு தொல்லை உண்டு. கண்ணுக்குத் தெரிகிற காரியமாக இருந்தால் படம் எடுத்துப் போடலாம். வரி வேலை நன்றாக நடந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது! அபராதம் வராது. நோட்டீசு வராது. பத்திரிகையில் செய்தி வராது. வராமல் போன அபராதத்துக்கு எப்படி விழா எடுப்பது? மிச்சப் பட்ட தொகையை வெளியில் சொல்லவும் பலர் தயங்குவார்கள்.

என்னைக் கேட்டால், பணத்தை விட்டு விட்டு வேறு இரண்டைப் பார்க்கலாம். ஒன்று, தன் பல்கலைக் கழகத்தில் உள்ள மற்றவர்களுக்குப் புரியும்படி சொன்னாரா? 2017 ஏப்ரலில் பிரிட்டனில் ஒரு விதி வந்தது. சொந்தக் கம்பெனி பெயரில் வந்து வேலை பார்க்கும் ஆட்கள் உண்மையில் சம்பளக்காரர்கள் மாதிரியா, இல்லையா என்று பொதுத் துறை ஸ்தாபனங்களே முடிவு செய்ய வேண்டும். பல்கலைக் கழகத்துக்கு வரும் கவுரவ ஆசிரியர் முதல் கம்ப்யூட்டர் நிபுணர் வரை ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டி வந்தது. நூற்றுக் கணக்கான ஆட்கள், கோபப்படும் இலாகாத் தலைவர்கள். பொறுமையாக விளக்கிச் சொல்லத் தெரிந்தவர் இருந்த இடத்தில் சண்டை குறைந்து இருக்கும்.

இரண்டாவது, தாம் கண்டு பிடித்ததை அடுத்த பல்கலைக் கழகத்துக்கும் சொன்னாரா? பிரிட்டிஷ் பல்கலைக் கழக நிதி டைரக்டர்கள் குழு என்று ஒரு அமைப்பு இருக்கிறது. வரி வேலை பார்ப்பவர்கள் அதில் கூடிச் சந்தேகம் கேட்கிறார்கள், விடை சொல்லுகிறார்கள். வரி இலாகாவோடு பேச வேண்டியதைச் சேர்ந்து பேசுகிறார்கள். மாணவரைச் சேர்ப்பதில் ஒன்றோடு ஒன்று போட்டி போடும் பல்கலைக் கழகங்கள்தான் இவை. ஆனால் வரி விஷயத்தில் பெரிய இடத்துக்காரர் சின்ன இடத்துக்காரருக்குச் சொல்லித் தருகிறார். ஒரே ஆள் உட்கார்ந்து எல்லாம் பார்க்கும் சின்னப் பல்கலைக் கழகத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

நம் நாட்டில்

இது எல்லாம் வெள்ளைக்காரர் கதை என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நம் நாட்டிலும் இதே கூத்து நடந்தது.

2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. படிப்புக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆராய்ச்சி மானியம்? சர்க்கார் ஒரு பக்கம் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறது. அந்தப் பணத்துக்கு வரி எங்கே என்று சர்க்காரின் இன்னொரு இலாகா நோட்டீசு விடுகிறது! 2024 ஆகஸ்டில் டெல்லி ஐ.ஐ.டி.க்கு வட்டியும் அபராதமும் சேர்த்து சுமார் 120 கோடி ரூபாய் கேட்டு நோட்டீசு வந்த செய்தி நாடு முழுவதும் பரபரப்பாக இருந்தது. வேறு பல ஸ்தாபனங்களுக்கும் இதே மாதிரி நோட்டீசு போனது.

2024 செப்டம்பர் 9-ந் தேதி, நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் தலைமையில் ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 54-வது கூட்டம் நடந்தது. வருமான வரிச் சட்டத்தின்படி அங்கீகாரம் பெற்ற பல்கலைக் கழகங்களும் ஆராய்ச்சி ஸ்தாபனங்களும் மானியம் பெற்றுச் செய்யும் ஆராய்ச்சிக்கு வரி வேண்டாம் என்று முடிவு ஆயிற்று. மானியம் சர்க்கார் கொடுத்ததாக இருந்தாலும் சரி, தனியார் கொடுத்ததாக இருந்தாலும் சரி. பழைய நோட்டீசுகளுக்கும் நிவாரணம் கிடைத்தது.

மந்திரியின் படம் பத்திரிகையில் வந்தது. கவுன்சில் முடிவு வந்தது. நோட்டீசு வந்த நாள் முதல், ஐந்து ஆண்டு மானியக் கணக்கை எடுத்து வைத்துக் கொண்டு, ராத்திரி பகலாகப் பதில் எழுதிய ஆபீஸ் சிப்பந்திகளின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

அதே கூட்டத்தில் இன்னொரு விளக்கமும் வந்தது. கல்லூரிகளை இணைத்துக் கொள்ளப் பல்கலைக் கழகம் வாங்கும் இணைப்புக் கட்டணத்துக்கு விலக்கு இல்லை. 18 சதவீத வரி உண்டு என்பது அது. அக்டோபரில் சுற்றறிக்கையும் வந்து விட்டது. சென்னை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன், அண்ணா பல்கலைக் கழகங்கள் எல்லாமே கல்லூரிகளை இணைத்துக் கொண்டு நடப்பவை. டெல்லியில் ஆராய்ச்சி மானியக் கட்டை மூடிய அதே மாதத்தில், இங்கே இணைப்புக் கட்டணக் கட்டைத் திறந்து வைத்துக் கொண்டு கணக்குப் பிள்ளை உட்கார வேண்டியது ஆயிற்று.